கிளாவரையில் இருபது அடி சமதளம்

போன மாதம் சரண்யா வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண். கையில் ஒரு பட்டை வைத்திருந்தாள். பார்க்க வாட்ச் மாதிரி இருந்தது, ஆனால் மணி காட்டாதாம். பார்க்கின்சன் நோய்க்காரர் கையில் அதைக் கட்டிவிட்டால் கை எவ்வளவு நடுங்குகிறது, ஆள் எவ்வளவு நடக்கிறார் என்று அதுவே பதிந்துகொள்ளுமாம். இனிமேல் மலை ஊர் ஊராகப் போய் ஒவ்வொருவரையும் எழுப்பி நிறுத்தி நடக்கவிட்டுப் பார்க்கிற சோலி பாதி குறையும் என்றாள். எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. முட்டி தேய ஜீப்பிலும் பஸ்ஸிலும் அலைந்தவள் நான், இவளுக்கு மட்டும் பட்டையா? ஆனால் நல்ல பெண். டீயைக் குடித்துவிட்டு, மூளை ஸ்கேன் வேலையில் நடந்ததை எழுதிக் கொடுங்கள் அக்கா, புதிதாக வந்த பிள்ளைகள் படிக்கட்டும் என்றாள். நான் செய்த சாதனை நாலைந்தை எழுதுவேன் என்று நினைத்திருப்பாள். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பை. அதனால் ஒரு மனுஷன் வீட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

என் பெயர் மெஹருன்னிசா. கொடைக்கானலில் மூஞ்சிக்கல்லில் குடியிருக்கிறேன். பஜாரில் போய் மெஹர் சிஸ்டர் வீடு எங்கே என்று கேட்டால் வீடும் காட்டுவார்கள், என் வாயைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். என்னைப் பெற்ற அத்தாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. நான் நர்சிங் படிக்கப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அத்தாவோ என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மூன்று வருஷப் படிப்பு. ஊசி போடப் பழகியது ஆரஞ்சுப் பழத்தில், திட்டு வாங்கப் பழகியது வார்டில். திரும்பி வந்து கொடைக்கானலிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றியாயிற்று. கடைசி ஆறு வருஷம்தான் மூளை.

அதற்குக் காரணம் டாக்டர் மங்கையர்க்கரசி. நரம்பு மருத்துவர். கீழே பழனியில் இருந்தார், மாதம் ஒருநாள் மலையேறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து நோயாளிகளைப் பார்ப்பார். மலைக் குளிர் அவருக்குச் சுத்தமாக ஆகாது. மே மாதத்திலும் இரண்டு ஸ்வெட்டர், தலையில் குல்லா, காதில் பஞ்சு. சீசனுக்கு வருகிற டூரிஸ்ட் எல்லாம் அவரிடம் தோற்றுப்போவான். டீயைச் சாஸரில் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பார். ஆனால் நோயாளி உள்ளே வந்துவிட்டால் குல்லாவைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுவார். குல்லா போட்ட டாக்டரை யாரும் நம்ப மாட்டார்களாம்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. திட்டினாலாவது பரவாயில்லை, வாங்கிக்கொண்டு போய்விடலாம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். நாம் பதில் சொன்னதும் பேசாமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைத் தாங்க முடியாமல் மிச்சம் மீதியையும் நாமே கொட்டிவிடுவோம். முதல் மாதம் ஒரு பாட்டியின் நடையைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தேன். நார்மல் என்றால் என்ன என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். பார்த்தார். கையை வீசி நடக்கிறார், கால் தரையில் இழுக்கவில்லை, திரும்பும்போது தடுமாறவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அதை எழுதுங்க சிஸ்டர். உங்க கண்ணு பார்த்ததை எழுதுங்க. உங்க மனசு பண்ணின முடிவு எனக்கு வேண்டாம்."

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் என் முடிவை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பார்க்கின்சன் என்றால் கை நடுங்கும் வியாதி என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டாக்டரம்மாதான் சொல்லிக் கொடுத்தார். சிலருக்கு நடுக்கம் முன்னால் நிற்கும். டம்ளரைப் பிடித்தால் காப்பி சட்டையில் இருக்கும், ஆனால் நடை பெரிதாகக் கெடாது. சிலருக்கு நடுக்கம் கொஞ்சம்தான், நடைதான் சிக்கும். காலடி குட்டி குட்டியாகிவிடும், திரும்பினால் விழுவார்கள், சில நேரம் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி அப்படியே நின்றுவிடுவார்கள். பெயர் ஒன்றுதான், வகை வேறு. இந்த இரண்டு வகைக்காரர்களுக்கும் மூளையில் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் நடுவே உள்ள தொடர்பு வேறு வேறாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சியை டாக்டரம்மா ஆரம்பித்தார். மலை ஊர்களிலிருந்து ஆட்களைக் கண்டுபிடித்து, வகை பார்த்து எழுதி, பழனிக்கு ஸ்கேனுக்கு இறக்குவது என் பொறுப்பு.

தொடர்பை எப்படி ஸ்கேனில் பார்ப்பது, உள்ளே ஒயரா ஓடுகிறது என்று கேட்டேன். உங்கள் வீட்டு மாடியிலிருந்து எதிர்மலை தெரியுமா என்றார். தெரியும். அங்கே இரண்டு வீட்டில் தினமும் ஒரே நேரத்தில் லைட் எரிந்து ஒரே நேரத்தில் அணைந்தால் என்ன நினைப்பீர்கள் என்றார். அந்த இரண்டு வீட்டுக்கும் ஏதோ பழக்கம் இருக்கிறது என்று நினைப்பேன், என்ன பழக்கம் என்று மறுநாளே விசாரித்தும் விடுவேன் என்றேன். அபூர்வமாகச் சிரித்தார். மூளை சும்மா இருக்கும்போது எந்த இடத்தின் வேலையும் எந்த இடத்தின் வேலையும் சேர்ந்தாற்போல் ஏறி இறங்குகிறது என்று மிஷின் பார்க்கிறது, அவ்வளவுதான் என்றார்.

சும்மா இருக்கும்போது! அங்கேதான் எங்கள் பாடு ஆரம்பித்தது. ஸ்கேனுக்கு வருகிறவர் முந்தின ராத்திரியிலிருந்து நடுக்க மாத்திரையை நிறுத்த வேண்டும். மாத்திரை இல்லாமல் மலையிறங்க முடியாது என்பதால் முந்தின நாளே பழனிக்கு வந்து ஆஸ்பத்திரியில் தங்கிவிட வேண்டும். காலையில் ஸ்கேன் அறைக்குச் சக்கர நாற்காலியில்தான் அழைத்துப்போவோம், மாத்திரை இல்லாத ஆளை நடக்கவிடக் கூடாது என்பது கண்டிப்பு. உள்ளே போகுமுன் உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக் கூடாது. எங்கள் பெண்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். மோதிரம், மெட்டி எல்லாம் கழற்றிவிட்டு வந்து நிற்பார்கள், தாலிக் கயிற்றில் ஊக்கு மட்டும் நாலு தொங்கும். ஊக்கும் ஒரு நகையா என்று என்னையே கேட்பார்கள். தாண்டிக்குடியிலிருந்து வந்த ஒரு காப்பித் தோட்டத்து மேஸ்திரி அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த தாயத்தை அவிழ்க்க மாட்டேன் என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஸ்கேன் முடிகிறவரை அதை நான் கையில் மூடி வைத்துக்கொண்டு நிற்பதாக ஒப்பந்தம். நின்றேன்.

அப்புறம் குழாய்க்குள் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தூங்காதீர்கள், எதையும் குறிப்பாக நினைக்காதீர்கள், ஆடாதீர்கள் என்று சொல்வோம். ஆராய்ச்சி ஆரம்பிக்குமுன் டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் ஒருமுறை படுக்கவைத்தார். மிஷின் கடகடவென்று இடித்த இடியில் நான் பயந்துபோய் மனதுக்குள் ஓத ஆரம்பித்துவிட்டேன். வெளியே வந்ததும் உள்ளே என்ன செய்தீர்கள் என்றார். ஓதினேன் என்றேன். அப்படியானால் இந்தப் படம் உதவாது, ஓதுகிற மூளை வேறு, சும்மா இருக்கிற மூளை வேறு என்று தள்ளிவிட்டார். பாச்சலூர் அம்மா ஒருத்தியிடம் எதையும் நினைக்காதீர்கள் என்று நான் சொல்ல, அவள் வெளியே வந்து, நீ அப்படிச் சொன்ன பிறகுதான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தோமோ என்று நினைப்பு வந்து தொலைத்தது என்று என்னையே ஏசினாள்.

இதெல்லாம் பழனியில். அதற்கு முன்னால் ஊரில் போய் வகை பார்ப்பதற்கு ஒரு தாள் இருந்தது. கை நடுக்கம் எவ்வளவு, விறைப்பு எவ்வளவு, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, நடை எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் மார்க்கு, குறை கூடக் கூட மார்க்கும் கூடும். நடுக்க மார்க்கு கூடினால் நடுக்க வகை, நடை மார்க்கு கூடினால் நடை வகை. நடைக்கு எதிரே ஒரு வரி அச்சடித்திருந்தது. 'சமதளத்தில் இருபது அடி நடக்கவிட்டு, திரும்பி வரச் சொல்லவும்.'

கிளாவரைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று பஸ் வளைந்து வளைந்து போய்க் கடைசியில் நிற்கும். அந்தப் பக்கம் போனால் கேரளா. பூண்டும் உருளையும் காரட்டும் அடுக்கடுக்காக மலையை வெட்டிப் போட்ட மாதிரி இறங்கும். வீடுகளும் அதே மாதிரிதான், ஒரு வீட்டுக் கூரை அடுத்த வீட்டு வாசலுக்குச் சமம். வீட்டுக்குள் ரெண்டு எட்டு வைத்தால் சுவர். வெளியே வந்தால் படி. அங்கே போய் இருபது அடி சமதளம் தேடினால் எங்கே கிடைக்கும்? நான் தேடவும் இல்லை. நான் மலைக்காரி. பள்ளிக்கூடம் போனது படியில், தண்ணீர் எடுத்தது படியில். நட என்றால் படியில் ஏறி இறங்குவதுதான் எனக்கு நடை. வாசல்படியில் ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பேன். படியிலேயே நன்றாக நடக்கிற ஆள் சமதளத்தில் ஓடவே மாட்டாரா என்பது என் கணக்கு.

அப்படித்தான் ராசு ஐயாவைப் பார்த்தேன். அறுபத்தெட்டு வயது. பூண்டு விவசாயம். கடுக்கன் போட்டுப் போட்டுத் துளை பெரிதாகித் தொங்கின காது. மனைவி காலமாகி நாலைந்து வருஷம், பக்கத்து வீட்டில் தம்பி மகன் குடும்பம், சாப்பாடு அங்கே. வலது கை அந்த ஆட்டம் ஆடியது. கையைப் பார்த்து அவரே, ஏலே சும்மா கெட என்று அதட்டுவார். அது கேட்காது. நடையைப் பார்க்க வாசலுக்குக் கூட்டிவந்தேன். பதினாறு படி. விறுவிறுவென்று இறங்கி, திரும்பி, ஏறி வந்து என் முன்னால் நின்றார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. நடுக்கத்துக்கு மார்க்கு நிறைய, நடைக்கு ஒன்றுமில்லை. தாளில் 'நடையில் குறை இல்லை' என்று எழுதினேன். கண் பார்த்தது அல்ல, மனசு பண்ணின முடிவு. அன்றைக்கு மூன்றாவது வீடு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சாக்கு சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் மகள் முத்துமாரி ஒட்டன்சத்திரத்தில் இருந்தாள். புருஷனுக்குக் காய்கறி மார்க்கெட்டில் வேலை. அப்போதுதான் புது வீடு கட்டியிருந்தார்கள். அப்பாவைக் கீழே கூட்டிப்போய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவர் அசையவில்லை. அன்று அவளும் அங்கே இருந்தாள், என்னைத் தனியே கூப்பிட்டு, சிஸ்டர், அந்தப் படியைப் பாருங்கள், இந்த வியாதியை வைத்துக்கொண்டு அதில் ஒருநாள் உருண்டால் யார் பார்ப்பது, நீங்கள் சொன்னால் கேட்பார் என்று கண் கலங்கினாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? எந்த மகளும் அதைத்தான் சொல்வாள். நான் ராசு ஐயாவிடம் போய், நடை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த வயதில் எதற்குப் படி, மகள் வீட்டில் தரை வழுவழுவென்று சமமாக இருக்கும், ஸ்கேன் முடிந்ததும் அங்கேயே போய் நிம்மதியாக இருங்கள் என்றேன்.

"நீ நல்லதுக்குத்தான சொல்லுவ தாயி," என்றார். அப்புறம் பூண்டுக் காட்டைத் தம்பி மகன் கையில் ஒப்படைத்துவிட்டார். மகள் அத்தனை நாள் கெஞ்சியதற்கு மசியாதவர், நான் ஒரு வார்த்தை சொன்னதற்குச் சரி என்றார்.

ஸ்கேனுக்குப் பழனி வந்தபோது ஒரு கூத்து. காலையில் போய்ப் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. வெள்ளனே எழுந்து, துணைக்கு வந்த தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார். பழனி வரை வந்துவிட்டு முருகனைப் பார்க்காமல் குழாய்க்குள் எப்படிப் போவது? மாத்திரை வேறு சாப்பிடவில்லை. நான் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். சரியான நேரத்துக்கு நெற்றி நிறைய விபூதியோடு வந்து சேர்ந்தார். விஞ்ச் ரயிலில் போனீர்களா என்று கேட்டால், படியேறித்தான் போனோம் என்கிறான் தம்பி மகன். மேலே வெரசா ஏறிவிட்டாராம், இறங்கிய பிறகு அடிவாரத்துக் கிரிவீதியில்தான் நின்று நின்று வந்தாராம். படியேறின அசதி என்றேன். பழனி மலைப் படியையே ஏறின ஆள், இவர் நடையைப் பற்றி நான் எழுதியது எவ்வளவு சரி என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட வந்தது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்கேன் முடிந்தது, மாத்திரை போட்டார், மகள் வந்து அங்கிருந்தே ஒட்டன்சத்திரத்துக்குக் கூட்டிப்போனாள்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா மலைக்கு வந்த நாளில் என்னை அறைக்குக் கூப்பிட்டார். குல்லா தலையில் இல்லை. நோயாளியும் இல்லை. அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ராசு ஐயாவின் ஸ்கேன் எண்ணையும் அதே நாள் ஸ்கேன் எடுத்த இன்னொருவர் எண்ணையும் மாற்றி ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டார். நடுக்க வகைக்காரர்களின் தொடர்புகள் பெரும்பாலும் ஒரு மாதிரி வந்துகொண்டிருந்ததாம், நடை வகைக்காரர்களுடையது வேறு மாதிரி. ராசு ஐயாவுடையது மட்டும் நடை வகையோடு போய் உட்கார்ந்திருந்ததாம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக் காலில் கட்டின சீட்டைக்கூட மாற்றினவள் இல்லை நான், பிரசவ வார்டில் கேட்டுப் பாருங்கள் என்று படபடவென்று பேசிவிட்டேன். அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். தலையின் வெளி உருவம் தெரிகிற படம் ஒன்று இருந்தது. ஓரத்தில் காது. தொங்குகிற மடல், பெரிய துளை. ராசு ஐயா காது. அன்று ஸ்கேன் எடுத்த இன்னொருவர் அந்தப் பாச்சலூர் அம்மா, அவருக்குக் காது சின்னது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

"படமும் சரி, எண்ணும் சரி," என்றார். "ஒரே ஒரு ஆளோட படத்தை வச்சு இவர் இந்த வகைன்னு சொல்லவே முடியாது சிஸ்டர். அதுக்கு இந்த மிஷின் போதாது. ஆனா எனக்கு உறுத்துது. எங்க நடக்க விட்டுப் பார்த்தீங்க?"

"வீட்டு வாசல்லதான் டாக்டர்."

பார்த்தார்.

"வாசல்னா... படி."

அவர் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கிளாவரையில் சமதளம் கிடையாது டாக்டர், கிளாவரையில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் நான் படியில்தான் பார்த்தேன் என்று நானே சொன்னேன். 

திட்டவில்லை. ஒரு காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக் காட்டினார். நடை சிக்குகிறவர்களில் பலருக்குச் சமதளம்தான் எமன். கண்ணுக்குப் பிடிமானம் இல்லாத வழுவழுத் தரை, வாசற்கதவு, குறுகலான திருப்பம், இங்கெல்லாம் கால் ஒட்டிக்கொள்ளும். அதே ஆளுக்கு முன்னால் ஒரு படி இருந்தால் கண் அதைப் பார்க்கும், மூளை வேறு வழியாகக் காலுக்குச் சொல்லும், கால் எழும். படியில் ஓடுகிறவர் வராந்தாவில் நின்றுவிடுவார். ஸ்கேனுக்கு முன்னால் டாக்டரம்மா பார்த்தபோது ராசு ஐயா மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் வந்திருந்தார், அறையும் சின்னது, அதனால் தானும் கவனிக்கவில்லை என்று தன் பங்கையும் சொன்னார். அதுதான் டாக்டரம்மா.

அப்புறம் நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஸ்கேன் படத்தைப் பார்க்காத வேறொரு டாக்டரை வைத்து, மலை ஊர்க்காரர்கள் அத்தனை பேர் நடையையும் பழனி ஆஸ்பத்திரி வராந்தாவில் மறுபடி பார்த்தோம். ராசு ஐயாவோடு இன்னும் இரண்டு பேர் வகை மாறினார்கள். தாளில் ஒரு புது வரி சேர்ந்தது, 'எங்கே நடந்தார்?' சரண்யா, உன் பட்டையிடமும் அதைக் கேள்.

ஆனால் அன்றைக்கு அந்த அறையில் எனக்கு ஆராய்ச்சி ஞாபகமே இல்லை. போய் நிம்மதியாக இருங்கள் என்று நான் சொல்லி அனுப்பிய வழுவழுத் தரைதான் கண் முன்னால் வந்தது. வெளியே வந்து முத்துமாரிக்குப் போன் போட்டேன். அப்பா எப்படி இருக்கிறார் என்றதும் அவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். வந்ததிலிருந்து ஒரே வீம்பாம். கட்டிலிலிருந்து எழுந்து நாலு எட்டு வைப்பாராம், குளியலறைக் கதவுக்கு முன்னால் தூண் மாதிரி நின்றுவிடுவாராம். வாங்க என்றாலும் வர மாட்டாராம், கையைப் பிடித்து இழுத்தால் விழுகிறாராம், ரெண்டு தடவை விழுந்தாயிற்றாம். மலையை விட்டுக் கூட்டிவந்த கோபத்தை இப்படிக் காட்டுகிறார், போன வாரம் தாங்க முடியாமல் நானே சத்தம் போட்டுவிட்டேன் சிஸ்டர், அதிலிருந்து வாயைத் திறப்பதே இல்லை என்று அழுதாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பழனி இறங்கி, அங்கிருந்து ஒட்டன்சத்திரம் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் என்ன சொல்லப்போகிறோம் என்ற யோசனைதான். அழகான வீடு. ஒரு சொட்டு அழுக்கு இல்லாத வெள்ளை டைல்ஸ், முகம் தெரியும். ராசு ஐயா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்தில் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். மத்தியான மாத்திரைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எழுந்து குளியலறை வரை வாருங்கள் ஐயா என்றேன். எழுந்தார். மூன்று எட்டு. நின்றார். முழங்கால் படபடவென்று ஆடுகிறது, பாதம் மட்டும் தரையை விட்டு வரவில்லை. நெற்றியில் வேர்வை. என்னைப் பார்த்த பார்வையில் வீம்பு எங்கே இருந்தது? பயம்தான் இருந்தது.

"பாருங்க சிஸ்டர், இதைத்தான் சொன்னேன்," என்றாள் முத்துமாரி.

என் பையில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி எப்போதும் இருக்கும். ஆனால் வெள்ளைத் தரையில் வெள்ளைப் பிளாஸ்திரி என்ன தெரியும்? மருமகன் காய்ப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு நிற டேப் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ராசு ஐயாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் தரையில் மண்டியிட்டேன். ஒரு முழ நீளத்துக்கு ஒவ்வொரு துண்டாக வெட்டி, கட்டிலிலிருந்து குறுக்கே குறுக்கே ஒட்டிக்கொண்டே போனேன், ஒரு காலடிக்கு ஒன்றாக. குளியலறைக் கதவுக்குள்ளும் ரெண்டு. முத்துமாரி, புதுத் தரை சிஸ்டர் என்று மெதுவாகச் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

எழுந்து நின்றவரிடம், கோட்டைப் பாருங்கள் ஐயா, ஒவ்வொன்றாகத் தாண்டுங்கள் என்றேன். குனிந்து பார்த்தார். கால் எழுந்தது. ஒன்று. இரண்டு. அப்புறம் எண்ண வேண்டியிருக்கவில்லை, கதவைத் தாண்டி உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். முத்துமாரி வாயில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அவர் வரமாட்டேன் என்று நிற்கவில்லை, வர முடியாமல் நின்றார் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

நான் ராசு ஐயா முன்னால் நின்று, தப்பு உங்கள் மேல் இல்லை, உங்கள் மகள் மேலும் இல்லை, என் மேல்தான் என்றேன். படியில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, தரையில் நடப்பீர்கள் என்று எழுதிவிட்டேன், அதை நம்பி உங்களை இங்கே அனுப்பிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சர்வீஸில் யாரிடமும் கேட்காத மன்னிப்பு. 

அவர் கோடு முடிகிற இடத்திலேயே நின்று தரையில் கடைசித் துண்டைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார், வாசலுக்கு வெளியே தெருவைப் பார்த்தார். ஒரு வாரமாக மூடியிருந்த வாய் திறந்தது.

"இந்தப் பட்டைய கிளாவரை வரைக்கும் ஒட்ட முடியுமா தாயி?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முத்துமாரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை இழுக்கவில்லை.

"அங்க எதுக்குப்பா பட்டை?" என்றாள். "அங்கதான் படி கெடக்கே."

சொல்லிவிட்டு உள்ளே போய் அவருடைய துணிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.